சொற்கிடங்கும் காதற்புதினமும்: ஜார்ஜெட் ஹேயரின் எழுத்துப்பணி

1. முன்னுரை

காதற்புதினம் எழுதுவோரை இலக்கிய வரலாறு பெரும்பாலும் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறது. மிகுந்த விற்பனை, ஒரே அச்சில் வார்த்த கதை, பெரும்பான்மைப் பெண் வாசகர் என்னும் மூன்று குறிப்புகளோடு அப்பத்தி நின்றுவிடும். அவர்கள் எவ்வாறு எழுதினர், எவற்றைத் திரட்டி வைத்துக்கொண்டு எழுதினர் என்னும் வினாக்கள் எழுவதில்லை. மொழியை ஆராய்வோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் அவ்வினாக்களே முதன்மையானவை.

ஆங்கிலக் காதற்புதின ஆசிரியர் ஜார்ஜெட் ஹேயர் (1902-1974) இதற்குத் தக்க சான்றாவார். ரீஜென்சிக் காலத்தைக் களமாகக் கொண்ட காதற்புதினம் ஒரு தனிவகையாக நிலைபெற்றது அவரால்தான். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றிருந்தமையால் அவர் மகன் அரசப் பிரதிநிதியாக இருந்து ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான காலமே ரீஜென்சிக் காலம் எனப்படும். ஹேயரின் படைப்பு முறை பெரிதும் ஓர் அகராதியாளரின் பணியை ஒத்தது என்பதையும், அப்பணியில் விடுபட்ட ஒரு கூறு பின்வந்தோர்க்குச் சிக்கலாயிற்று என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. வாழ்க்கையும் எழுதும் கட்டாயமும்

ஹேயர் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் 1902ஆம் ஆண்டு பிறந்தார். குருதி உறையாமை நோயால் நலிவுற்றிருந்த தம்பியை மகிழ்விக்கப் பதினேழாம் வயதில் ஒரு தொடர்கதை சொன்னார். அதுவே 'தி பிளாக் மாத்' என்னும் பெயரில் 1921இல் நூலாயிற்று. வாய்மொழியாகத் தொடங்கிய எழுத்து இது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1925இல் தந்தை இறந்தார். ஓய்வூதியம் ஏதும் இல்லாத நிலையில் தம்பியர் இருவரையும் பேணும் பொறுப்பு ஹேயரைச் சேர்ந்தது. அதே ஆண்டில் சுரங்கப் பொறியாளரான ரொனால்டு ரூஜியரை மணந்தார். கணவர் பின்னர்ச் சட்டம் பயின்று 1939இல் வழக்கறிஞரானார். அதுகாறும் குடும்ப வருவாயில் பெரும்பங்கு மனைவியின் எழுத்திலிருந்தே வந்தது. 1930களில் ஆண்டுதோறும் ஒரு காதற்புதினமும் ஒரு துப்பறியும் புதினமும் எழுதும் வழக்கத்தை ஹேயர் மேற்கொண்டார். துப்பறியும் கதைகளின் அடிப்படைப் பின்னலைப் பலமுறை கணவரே வகுத்துத் தந்தார். மாந்தரையும் உரையாடலையும் அவர் உருவாக்கினார்.

'தீஸ் ஓல்டு ஷேட்ஸ்' 1926இல் பிரித்தானியப் பொது வேலைநிறுத்தத்தின் நடுவே வெளிவந்தது. நாளிதழ் விளம்பரமோ மதிப்புரையோ வாய்க்கவில்லை. ஆயினும் 1,90,000 படிகள் விற்றன. நூல் விற்க விளம்பரம் வேண்டா என்னும் முடிவுக்கு ஹேயர் வந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் பேட்டி கொடுப்பதைத் தவிர்த்தார். திருமதி ரூஜியர் என்னும் அவரது இல்லறப் பெயரை வாசகர் பலர் இறப்புச் செய்தியிலிருந்தே அறிந்தனர்.

இதனால் ஆய்வாளர்க்கு ஓர் இழப்பு நேர்ந்தது. தம் எழுத்துமுறையைப் பற்றி அவர் பொதுமேடையில் விளக்கம் தரவில்லை. கடிதங்களும் நூல்களும் குறிப்புகளுமே எஞ்சின. 1984இல் ஜேன் எய்க்கன் ஹாட்ஜும் 2011இல் ஜெனிபர் குளோஸ்டரும் வெளியிட்ட வாழ்க்கை வரலாறுகள் அச்சான்றுகளின் துணையோடு அமைந்தவை.

3. குறிப்பட்டைகளின் அமைப்பு

ஹேயர் இறந்தபோது அவரது நூலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரலாற்று நோக்குநூல்கள் இருந்தன. பிரபுக்குல வரிசை நூல்களோடு மூக்குப்பொடிச் சிமிழ்களின் வரலாறு, வழிகாட்டிக் கம்பங்களின் வரலாறு, உடை வரலாறு முதலியனவும் அவற்றுள் அடங்கும். படித்தவற்றிலிருந்து சொல்லையும் செய்தியையும் அட்டைகளில் குறித்து, அழகு, வண்ணம், உடை, தொப்பி, இல்லறப் பொருள், விலை, கடை எனத் தலைப்பிட்டு வகைப்படுத்தினார். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் மெழுகுவத்தி என்ன விலை விற்றது என்பது வரை அவற்றில் இடம்பெற்றது. தொடர்களைத் தொகுப்பதற்கெனத் தனிக் குறிப்பேடுகள் இருந்தன. உணவும் கலங்களும், செல்லச் சொற்கள், விளிமுறைகள் என்பன அவற்றின் தலைப்புகளுட் சில.

இவ்வகைப்பாடு மொழியியலார்க்குப் புதிதன்று. பொருட்புலம் வாரியாகச் சொல்லைத் தொகுக்கும் நிகண்டு மரபினைத் தமிழர் நன்கறிவர். தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் எனத் தொகுதி பிரித்த நிகண்டு செய்யுள் இயற்றுவோர்க்குக் கைந்நூலாக விளங்கியது. ஹேயர் தமக்கெனத் தாமே ஒரு நிகண்டு வகுத்துக்கொண்டார் எனலாம்.

இக்கிடங்கு எத்துணை ஆழமாக அவருள் பதிந்திருந்தது என்பதற்கு 'தி மாஸ்கரேடர்ஸ்' (1928) சான்று. கணவர் பணியின் பொருட்டுத் தங்கன்யிகாவில் யானைப்புல் வேய்ந்த குடிசையில் தங்கியிருந்தபோது அவர் எழுதிய நூல் அது. நோக்குநூல்கள் பல கைக்கெட்டாத நிலையில் 18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியைக் களமாகக் கொண்டு எழுதினார். அந்நூலில் ஒரே ஒரு காலவழு சுட்டப்படுகிறது. இலண்டனின் 'ஒயிட்ஸ்' மன்றம் திறக்கப்பட்டதை ஓராண்டு முன்தள்ளிவிட்டார் என்பதே அது.

வாட்டர்லூ போரைப் பொருளாகக் கொண்ட 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' (1937) இம்முறையின் உச்சம். வெல்லிங்டன் கோமகனின் நடையைத் துல்லியமாக அறிய அவர் எழுதிய கடிதம் ஒன்றை ஹேயர் விலைக்கு வாங்கினார். அப்புதினத்தில் வெல்லிங்டன் கூற்றாக வரும் ஒவ்வொரு சொல்லும் அவர் மெய்யாகப் பேசியதோ எழுதியதோ ஆகும் என உரிமை பாராட்டினார்.

இத்துணைத் துல்லியத்திற்கிடையே ஒரு குறை உண்டு. செய்தி எந்நூலில் கிடைத்தது என்பதை அட்டைகளில் அவர் அரிதாகவே குறித்தார். புனைகதையாளர்க்கு மேற்கோள் தேவையில்லை. சொல் வாய்த்தால் போதும். அகராதியாளர்க்கோ மேற்கோள் இல்லாத சொல் வேரற்ற மரம்.

4. சொல்லே சான்றாதல்

இக்குறையின் விளைவு ஒரு பூசலில் வெளிப்பட்டது. 1961இல் வேறோர் எழுத்தாளரின் நூல்கள் ஹேயரின் நூல்களை ஒத்துள்ளன என வாசகர் ஒருவர் எழுதினார். அத்தரம் குன்றிய நூல்களைப் புனைபெயரில் எழுதியவர் ஹேயரே என்றும் சிலர் கருதினர். கதைநிகழ்ச்சி, மாந்தர், குடும்பப்பெயர், காலத்துக் கொச்சை ஆகியவற்றில் கண்ட ஒப்புமைகளையும் வரலாற்றுப் பிழைகளையும் ஹேயர் விரிவாகப் பட்டியலிட்டார். 'டு மேக் எ கேக் ஆஃப் ஒன்செல்ஃப்', அதாவது தன்னைத்தானே நகைப்புக்கிடமாக்கிக்கொள்ளுதல், என்னும் தொடர் அப்பட்டியலில் இடம்பெற்றது. பொதுமக்கள் பார்வைக்கு வராத, தனிச்சுற்றுக்கென அச்சிட்ட ஒரு நினைவுக்குறிப்பில் தாம் கண்டெடுத்த தொடர் அது என்றார்.

இவ்வாதம் ஆராயத்தக்கது. 'கேக்' என்பது அறிவிலியைக் குறிக்கும் என்னும் செய்தி, பிரான்சிஸ் குரோசின் கொச்சைச்சொல் அகராதியை விரித்து 1811இல் வெளியிட்ட பதிப்பிலேயே உள்ளது. எனவே சொல் பொதுவுடைமை. அத்தொடரும் அதன் பயன்பாட்டு அடர்த்தியுமே தனியுடைமையாகக் கோரப்பட்டன. நெடுங்காலமாக யாரும் வழங்காத ஒரு தொடரைத் தேடி எடுத்து மீண்டும் நடமாடவிட்டவர்க்கு அதில் உரிமை உண்டா என்னும் வினா இங்கே எழுகிறது. சட்டம் உண்டு என எளிதிற் சொல்லாது. ஆயினும் உழைப்பு ஹேயருடையது என்பதில் ஐயமில்லை. மூலத்தை முறையாகக் குறித்திருந்தால் அவ்வுழைப்பு பின்னாளில் ஆய்வுச் சான்றாகவும் நின்றிருக்கும்.

ஹேயரின் பட்டறையில் உருவான நடையைப் பின்வந்த எழுத்தாளர் பலர் ரீஜென்சிக் காலத்து மெய்வழக்காகவே கொண்டனர். ஆகவே இந்நடையில் இரு அடுக்குகள் உள. ஒன்று, 1811-1820 ஆண்டுகளை ஒட்டிய நூல்களிற் காணும் வழக்கு. மற்றொன்று, 'ரீஜென்சி பக்' வெளிவந்த 1935 தொடங்கி ஹேயரின் தெரிவும் செறிவும் உருவாக்கிய வழக்கு. முன்னதற்குப் பின்னதைச் சான்றாகக் காட்டுவது பிழை.

5. மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் வினாக்கள்

ஹேயரைத் தமிழில் தர விழைவோர்க்கு அவர் குறிப்பேட்டுத் தலைப்புகளே இடர்ப்பாடுகளின் பட்டியலாக அமையும்.

முதலாவது கொச்சை. மணமானவனை 'லெக் ஷேக்கிள்டு', அதாவது காலில் விலங்கிடப்பட்டவன், என்பது அம்மாந்தர் வழக்கு. தமிழில் 'கால்கட்டு' என்பது கைமேல் உள்ளது. பொருளும் நகையும் ஒருங்கே பொருந்தும். ஆனால் கடன்பட்டவன் 'டிக் ஆற்றில்' இருப்பதாகச் சொல்லும் வழக்கு இவ்வாறு இணங்காது. 'டிக்' என்பது கடனுக்கு வழங்கிய கொச்சைச்சொல். அதை ஆற்றின் பெயராக்கியதில்தான் நகைச்சுவை உள்ளது. 'கழுத்தளவு கடன்' என்றால் பொருள் வரும், விளையாட்டு வராது. எனவே தொடருக்குத் தொடர் தேடுவதைக் காட்டிலும், ஒரு பக்கத்தில் எத்தனை இடத்தில் நகை விளைகிறது எனக் கணக்கிட்டு, தமிழ் இடங்கொடுக்கும் இடத்தில் அதனை ஈடுசெய்தலே ஏற்புடைத்து.

இரண்டாவது விளிமுறை. அக்காலக் குடும்பத்தில் மூத்த மகள் 'மிஸ்' என்னும் அடையோடு குடும்பப்பெயரால் சுட்டப்படுவாள். இளையவளுக்கு இயற்பெயரும் சேரும். காதலன் இவ்வடைகளை விடுத்து இயற்பெயரால் அழைக்கும் கணம் கதையின் திருப்பமாக அமைவதுண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழிலோ நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றை முதற் பக்கத்திலேயே தெரிந்தாக வேண்டும். ஆங்கிலம் பெயரால் உணர்த்தும் நெருக்கத்தைத் தமிழ் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ'க்கு மாறுவதால் உணர்த்தலாம். ஆனால் யார் முதலில் மாறுவது, மற்றவரும் மாறுவாரா என்பன மூலத்தில் இல்லாத வினாக்கள். அவற்றுக்கு விடையளிக்கையில் மொழிபெயர்ப்பாளர் காதலின் வரலாற்றில் ஒரு பகுதியைத் தாமே எழுதுகிறார்.

மூன்றாவது, சொல்லை முற்றாக இழந்தால் எஞ்சுவது யாது என்பது. ருமேனியாவில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண், 'ஃப்ரைடேஸ் சைல்டு' (1944) புதினக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தம்மையும் உடன்சிறையினரையும் பன்னிரண்டு ஆண்டுகள் மனந்தளராமல் காத்ததாக ஹேயருக்கு எழுதினார். கையில் நூல் இல்லாமல் நினைவிலிருந்து சொன்ன கதையில் அட்டைகளின் நுட்பம் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும் எனக் கருதுவதில் தவறில்லை. ஆயினும் கதையின் ஓட்டமும் மாந்தரின் குணமும் நிலைத்தன. நோயுற்ற தம்பிக்காக வாய்மொழியில் தொடங்கிய கலை, சிறைக்குள் மீண்டும் வாய்மொழியாயிற்று. சொற்கிடங்கு புதினத்தின் உடை. அதன் உயிர் அதற்குள் மட்டும் அடங்குவதன்று.

6. முடிவுரை

ஹேயர் தம் முதுமையின் பெரும்பணியாகக் கருதியது இடைக்கால இலங்காஸ்டர் அரசகுலத்தைப் பற்றிய முத்தொகுதி. வாசகர் வேண்டுகோளும் வருமான வரிச்சுமையும் அவரை மீண்டும் மீண்டும் ரீஜென்சிக் காதற்புதினத்துக்கே திருப்பின. முதற் பகுதி முற்றுப்பெறாத நிலையில் 'மை லார்டு ஜான்' என்னும் பெயரில் அவர் மறைவுக்குப் பின் 1975இல் வெளிவந்தது. அவர் விரும்பிய நூல் நின்றுபோக, வருவாய்க்காக எழுதியவையே நிலைத்தன.

வருவாய்க்கு எழுதினார் என்பது கவனமின்றி எழுதினார் எனப் பொருள்படாது. மெழுகுவத்தியின் விலையையும் செல்லச்சொல்லையும் ஒரே அக்கறையோடு அட்டையில் குறித்தவர் அவர். இந்திய மொழிகளிலும் மலிவுப் பதிப்புகளில் மிகுதியாக எழுதிய காதற்புதின ஆசிரியர் பலர் உளர். அவர்தம் குறிப்பேடுகளும் கையெழுத்துப்படிகளும் நூல்களைப் போல அச்சேறுவனவல்ல. வீட்டைக் காலிசெய்யும்போது முதலில் எடைக்குப் போவன அவையே. அவற்றைத் தேடிப் பேணுவதும், பேணும்போது எச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை உடன் குறித்து வைப்பதும் மொழி நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.