அகழியில் பதினாயிரம் முதலைகள்!

“அகழியிலே பதினாயிரம் முதலைகள் கிடந்தனவாம்!” வேலூர்க் கோட்டையைக் காண வருவோர் காதில் விழும் கதை இது. கேட்டவர் வியக்கிறார், வியந்தவர் அடுத்தவரிடம் விளம்புகிறார். கணக்குக் கேட்பவரைத்தான் காணோம்!

நாம் கேட்போம், தோழர்களே! முதலை ஒன்றுக்குப் பத்தடி நீளம் என்று கொள்வோம். 10,000 முதலைகளைத் தலையும் வாலுமாக நிறுத்தினால் 1,00,000 அடி. ஏறத்தாழ 19 மைல்! கோட்டையின் பரப்போ 133 ஏக்கர். அத்தனை வாய்களுக்கும் நாள்தோறும் இரை போட்ட அரசன் எவன்? அகழியில் முதலைகள் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. நம் நாட்டு ஏரி குளங்களில் வாழ்ந்த உயிர்தான் அது. பத்தைப் பதினாயிரம் ஆக்கியது அச்சம். அதைக் கட்டிக் காத்தது கேள்வி கேளாத பழக்கம்.

1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து இக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் படை, பீரங்கியால் வாயிற்கதவைப் பிளந்து, அன்றே அதை மீட்டது. முடிவு செய்தது பீரங்கி, முதலைப் படையன்று!

நம் மக்கள் மட்டுமே இப்படி என்று நாணவேண்டாம். ஸ்காத்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் பூதத்தைக் கண்டதாக 1933இல் செய்தி பரவிற்று. அவ்வாண்டின் இறுதியிலே கரையில் காலடிகள்! ஆராய்ந்தபோது, பாடம் செய்த நீர்யானைக் காலைக் கொண்டு பதித்தவை அவை என்று தெரிந்தது. 1934 ஏப்ரலில் ‘டெய்லி மெயில்’ ஏடு, நீண்ட கழுத்துடன் நீந்தும் பூதத்தின் படத்தையே வெளியிட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1994இல், குட்டு வெளிப்பட்டது: விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலில் பொருத்திய பொம்மைத் தலை! 2018இல் நியூசிலாந்து அறிஞர் நீல் ஜெம்மெல் குழுவினர் ஏரி நீரை அள்ளி, அதில் கலந்திருந்த மரபணுக் கூறுகளை ஆராய்ந்தனர். மறு ஆண்டு முடிவு வந்தது: ஊர்வனவற்றின் தடயமே இல்லை, விலாங்கு மீனின் தடயமோ ஏராளம்.

நீரில் பூதமே கிடையாதா? எங்கள் பகுதியில் உண்டு! 2015 ஜனவரி 31, நள்ளிரவு கடந்த நேரம். இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலைக் கழிவு தேங்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பாய்ந்த சேறு, பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேரை விழுங்கிற்று. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1996 ஆகஸ்ட் 28இல், பாலாற்றைப் பாழாக்கிய தோல் கழிவு குறித்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்திருந்தது.

இல்லாத முதலைக்கு நடுங்கும் ஊர், இருக்கும் நஞ்சுக்கு நடுங்கவில்லையே, ஏன்? முதலைக் கதை கேட்பவனிடம் எதையும் கேட்பதில்லை, கழிவின் கதையோ, “நீ என்ன செய்தாய்?” என்று கேட்கிறது.

இளைஞர்களே! அகழிக் கரையில் நின்று முதலையைத் தேடியது போதும். பாலாற்றங்கரைக்கு வாருங்கள்; நீரின் நிறத்தைப் பாருங்கள்; காரணத்தைக் கேளுங்கள்!