புதுவை ஊர்ப்புறங்களில் கிறிஸ்துமஸ் அலங்காரம்: குடிலும் நட்சத்திரமும்

புதுச்சேரியின் ஊர்ப்புறக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு பகுதிகளில் கிறிஸ்தவர் வீடுகளின் டிசம்பர் மாத அலங்காரத்தில் மூன்று பொருள்கள் முதன்மையானவை. வாசலில் தொங்கும் நட்சத்திரம், கூடத்தில் அமைக்கும் குடில், பிற்பாடு சேர்ந்துகொண்ட மரம். இவற்றில் எது பழையது, எது புதியது என்று பிரிப்பது எளிதன்று. பாட்டி காலத்துச் சுரூபம் என்று போற்றப்படும் பிளாஸ்டர் பொம்மையும் ஒரு காலத்தில் புதிதாக வந்திறங்கிய சரக்குதான்.

குடிலின் வரலாறு பொதுவாக 1223ஆம் ஆண்டிலிருந்து சொல்லப்படுகிறது. அந்த ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகரப் பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தார். புதுச்சேரியில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பணியாற்றிய கப்புச்சின் துறவிகள் அவர் வழிவந்த சபையினரே. அவர்களுக்குப் பின் இயேசு சபையினரும், 1776 முதல் பாரிஸ் அயல்நாட்டு வேதபோதக சபையினரும் இப்பகுதியில் ஊழியம் செய்தனர். கோயில் குடிலைப் பார்த்து வீட்டில் குடில் வைக்கும் வழக்கம் பரவியது பல நாடுகளுக்கும் பொதுவான போக்கு.

வீட்டுக் குடிலுக்குப் பிரான்சில் ஒரு தனிக்கதை உண்டு. 1789 புரட்சியைத் தொடர்ந்து அங்கே கோயில்கள் மூடப்பட்டன. கோயில் குடிலைக் காண மக்களுக்கு வழியில்லாமல் போனது. மார்செய் நகரச் சிற்பி ழான் லூயி லான்யெல் அச்சில் வார்த்த சிறு களிமண் பொம்மைகளை ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் செய்தார். ‘சாந்தோன்’ எனப்படும் இந்தப் பொம்மைகளுக்கான சந்தை மார்செயில் 1803இல் தொடங்கியது. அந்தப் பொம்மைகளில் மரியாளும் சூசையப்பரும் மட்டுமல்ல, மீன் விற்பவளும் மாவு அரைப்பவனும் உண்டு. பிறந்த குழந்தையைப் பார்க்க ஊரே வருகிறது என்பது கருத்து. அதே பகுதியான புரொவான்சில் டிசம்பர் 4ஆம் நாள் தட்டில் கோதுமையை விதைத்து, முளைத்த பசும்பயிரைக் குடிலருகே வைப்பார்கள். தமிழ்நாட்டிலும் குடில் முன் புல்வெளி வேண்டி ஒரு வாரத்துக்கு முன்பே கேழ்வரகையோ கடுகையோ தெளித்து முளைக்கவிடும் பழக்கம் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு காட்டச் சான்றில்லை. முளைப்பாரி எடுக்கும் ஊர்களில் இதற்குப் பிரான்சிலிருந்து பாடம் வர வேண்டிய தேவையும் இல்லை.

கடல் கடந்து வந்த சுரூபங்களில் புகழ் பெற்றது வில்லியனூர் லூர்து அன்னையின் சுரூபம். அது 1877இல் பிரான்சிலிருந்து வந்தது. கோயில்களுக்கு இவ்வாறு சுரூபங்கள் வர, வீடுகளின் தேவையை உள்ளூர்க் குயவர்களும் பொம்மைக் கலைஞர்களும் நிறைவேற்றினர். இதற்கு இப்பகுதி வசதியானது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடும், காட்டேரிக்குப்பத்தை அடுத்த திருக்கனூரின் காகிதக்கூழ் வேலைப்பாடும் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்கள். வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. காகிதக்கூழ்ப் பொம்மைக்குப் பழைய தாளை ஊறவைத்துக் கூழாக்கி, சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்துவார்கள். காய்ந்தபின் தேய்த்து வண்ணம் பூசுவார்கள். எடை குறைவு, கீழே விழுந்தாலும் மண்பொம்மை போலச் சட்டென்று உடையாது. ஆனால் ஈரம் ஆகாது.

பொம்மைத் தொழிலின் ஆண்டுக் கணக்கைக் கவனித்தால் குடிலின் இடம் விளங்கும். மதுரை அருகேயுள்ள விளாச்சேரியில் வேளார் குடும்பங்கள் ஆவணியில் விநாயகர், புரட்டாசியில் கொலுப் பொம்மை, அதை அடுத்துக் கிறிஸ்துமஸ் குடில் செட் என்று வரிசையாகச் செய்கின்றன. ஒரே மண், ஒரே கை. விநாயகர் நீரில் கரைந்துவிடுவார், அடுத்த ஆண்டு புதிதாக வாங்க வேண்டும். கொலுப் பொம்மையும் குடில் பொம்மையும் அப்படியல்ல, பரணுக்குத் திரும்பிவிடும். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பது கொலுவில் பலர் பின்பற்றும் முறை. குடிலும் அதே போக்கில் வளர்வதால் பழைய மண் ஆட்டுக்குட்டி புதுப் பிளாஸ்டிக் ஒட்டகத்தைவிடப் பெரிதாக நிற்கும் காட்சி சாதாரணம். அளவுப் பொருத்தத்துக்காகப் பழையதை ஒதுக்கி, ஒரே பெட்டியில் வரும் செட்டை வாங்குவோரும் உண்டு. அங்கேதான் இழப்பு தொடங்குகிறது. தனித்தனியாகப் பொம்மை வாங்க ஆள் இருக்கும் வரையில்தான் கைவினைஞருக்கு ஐப்பசி, கார்த்திகையில் வேலை இருக்கும்.

நட்சத்திரத்தின் கதை வேறு. ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில் மொராவியச் சபையாரின் பள்ளியில் 1830களில் கணிதப் பாடத்துக்காகச் செய்த பலமுனைக் காகித விண்மீன், பிறகு கிறிஸ்துமஸ் விளக்காக மாறியது. தமிழ்நாட்டு வீட்டு நட்சத்திரம் ஐந்து முனை கொண்டது. ஐந்து மூங்கில் தப்பைகளைக் கட்டி ஒரு நட்சத்திரம், அதேபோல இன்னொன்று. இரண்டையும் ஐந்து முனைகளிலும் சேர்த்துக் கட்டி, நடுவில் சிறு குச்சிகளைக் கொடுத்து விலக்கினால் வயிறு உப்பிய கூடு கிடைக்கும். அதன்மேல் வண்ணத்தாளை ஒட்டி, ஓரத்தில் ஜிகினா சேர்ப்பார்கள். உள்ளே அகலோ மெழுகுவர்த்தியோ வைத்த காலத்தில் காற்று அடித்தால் தாள் பற்றிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. மின்விளக்கு அந்தப் பயத்தைத் தீர்த்தது.

மின்விளக்கால் கிறிஸ்துமஸ் மரத்தை முதலில் அலங்கரித்தவர் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன். இடம் நியூயார்க், ஆண்டு 1882. நம் ஊரில் ‘சீரியல் செட்’ என்ற பெயரே அதன் இணைப்பு முறையைச் சொல்லிவிடுகிறது. 230 வோல்ட்டை 50 குண்டு பல்புகள் வரிசையாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 4.6 வோல்ட் கிடைக்கும். ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் அணையும். எது போனது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது கிறிஸ்துமஸ் வேலைகளில் ஒன்றாகவே இருந்தது. 2001 ஏப்ரலில் இந்தியா இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கியபின் சீனச் சரங்கள் மலிவாக வந்தன, பிறகு எல்.இ.டி. வந்தது. பிளாஸ்டிக் நட்சத்திரம் பரவியதற்கு மலிவு மட்டும் காரணமன்று. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிக்கும் கடற்கரையில் தாள் நட்சத்திரம் வெளியே நிலைப்பது அரிது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது அலங்காரக் காலம் இன்னும் முடியவில்லை என்பதை நினைத்தால் போதும். திண்ணைக்குள் தாள் நட்சத்திரமும் வாசலில் பிளாஸ்டிக்கும் என்று பிரித்துத் தொங்கவிடுவது இதற்கு நல்ல தீர்வு.

மரம் மூன்றிலும் இளையது. விக்டோரியா அரசி குடும்பத்தின் மரத்தை லண்டன் இதழொன்று 1848இல் படமாக வெளியிட்டபின் அது உலகெங்கும் பரவியது. ஊசியிலை மரம் இல்லாத இந்தக் கரையில் சவுக்குக் கிளை அந்த இடத்தைப் பிடித்தது. அதில் இலை போலத் தெரிவது மெல்லிய கிளையே. சில நாளில் காய்ந்து உதிரும். கூட்டிப் பெருக்கி முடியாது. பனி பெய்யாத ஊரில் அதன்மேல் பஞ்சைப் பிய்த்து வைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். இன்று மடக்கி எடுத்து வைக்கும் பிளாஸ்டிக் மரத்தில் சில வீடுகள் கண்ணாடிக் குண்டுகளுக்குப் பதிலாகச் சுடுமண் மணிகளைக் கட்டுகின்றன.

மார்கழி ஒன்பது, பத்தாம் நாளில் பண்டிகை வருவதால் வாசல் கோலமும் அலங்காரத்தில் சேர்ந்துகொள்கிறது. நள்ளிரவுப் பூசைக்குப் பின்பே குழந்தை இயேசுவைத் தொட்டிலில் வைப்பார்கள். அதுவரை வைக்கோல் காலியாக இருக்கும். மூன்று ராஜாக்கள் தொலைவில் நின்று, ஜனவரி 6 திருக்காட்சித் திருநாளுக்குள் மெல்ல நகர்த்தப்பட்டு வந்து சேர்வார்கள். அதன்பின் பொம்மைகள் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, சீரியல் செட்டுடன் ஒரே அட்டைப்பெட்டியில் பரணுக்குப் போகும். அடுத்த வாரம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும்.