கட்டத் துணியில் ஓர் ஊர்ப்பெயர்

செந்தூலில் மாலைத் தொழுகைக்குச் செல்லும் மலாய் முதியவர் உடுத்தும் கட்டமிட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் மருவிய வடிவமேயாம். அங்கு 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர், சோழமண்டலப் பருத்தித் துணிகளைத் தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேற்றினர்.

ஸ்காட்லாந்தின் ‘டார்ட்டன்’ துணியைக் கண்டே நம் நெசவாளர் கட்டம் நெய்யக் கற்றனர் என்பாரும் உளர். ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவு சென்னையில் இறங்கியது 1780இல். கோடும் கட்டமும் கொண்ட சோழமண்டலத் துணிகளோ 17ஆம் நூற்றாண்டிலேயே கடல் கடந்தன. வண்ணமிட்ட பாவும் ஊடையும் குறுக்கிட்டால் கட்டம் பிறக்கும். அஃது எந்நாட்டுத் தறிக்கும் பொது.

மலைநாட்டாரின் உடையை 1746இல் சட்டம் தடுத்தது. 1782இல் தடை நீங்கியது. இன்று அவர்கள் தம் கட்டங்களைக் குலப்பெயரோடு போற்றுகின்றனர். நம் நெசவாளரின் ஊர்ப்பெயரையோ மலாய்மொழி காத்துத் தந்துள்ளது. அதனை மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.