பெட்டிக்குள் எலி, திரைக்குள் எலி

உளவியல் என்றதும் மனித மனத்தைப் பற்றிய படிப்பு என்றே பலரும் எண்ணுவர். ஆனால், கடந்த நூற்றாண்டில் அத்துறையின் மாணவர் பலருக்குக் கற்றல் விதிகளைப் புகட்டியது ஒரு வெள்ளை எலி.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பி. எப். ஸ்கின்னர் ஒரு பெட்டியை வடிவமைத்தார். பசித்த எலி அதிலுள்ள நெம்புகோலைத் தற்செயலாக அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். சிறிது நேரத்தில் எலி உணவுக்காகவே அதனை அழுத்தத் தொடங்கும். பயன் தரும் செயலை உயிர்கள் மீண்டும் மீண்டும் செய்கின்றன என்பதை அவர் இவ்வாறு அளந்து காட்டினார். 1940களின் பிற்பகுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரெட் கெல்லரும் வில்லியம் ஷொன்பெல்டும் இதனைத் தொடக்கநிலை மாணவருக்கான செய்முறைப் பாடமாக்கினர். எலியும் பெட்டியும் வேறு பல்கலைக்கழகங்களுக்கும் பரவின.

இப்பாடத்துக்கு எலி கொடுத்த விலை பெரிது. உணவுக்காக உழைக்க வேண்டுமாயின் அது பசித்திருக்க வேண்டும். பாடம் முடிந்ததும் பல இடங்களில் அது கொல்லப்பட்டது. 1959 இல் பிரித்தானிய அறிஞர்களான ரசலும் பேர்ச்சும் மூன்று நெறிகளை வகுத்தனர்: விலங்குக்கு மாற்று இருந்தால் அதனைப் பயன்படுத்துக, எண்ணிக்கையைக் குறைத்திடுக, துன்பத்தைத் தணித்திடுக. கற்பித்தலில் அந்த மாற்றைக் கணினி வழங்கியது. 1990களில் ரொறொன்ரோ பல்கலைக்கழக உளவியலாளர்கள் 'ஸ்னிஃபி' என்ற கணினி எலியை உருவாக்கினர். அதுவும் நெம்புகோலை அழுத்தக் கற்கும்; உணவை நிறுத்தினால் படிப்படியாகக் கைவிடும். ஆனால், அது உண்மையில் பசிப்பதுமில்லை, சாவதுமில்லை.

அப்படியாயின் உயிருள்ள விலங்கு இனி வேண்டாமா? இங்கேதான் வரலாறு நம்மைச் சற்று நிறுத்துகிறது. ஸ்கின்னரின் உணவுக் கருவி ஒருமுறை அடைத்துக்கொண்டது. பயனின்றி அழுத்திய எலியின் வேகம் குறைந்து சென்ற விதம் கோடாகப் பதிவாயிற்று. பழக்கம் மங்கும் விதத்தைக் காட்டும் அவரது முதல் வரைபடம் அந்தப் பழுதின் கொடை என்று 1956 இல் அவரே எழுதினார்.

அவரிடம் பயின்ற கெல்லர் பிரிலாண்டும் அவர் மனைவி மரியனும் காட்சிகளுக்காக விலங்குகளைப் பழக்கி வந்தவர்கள். மரநாணயத்தை உண்டியலில் இடப் பழகிய பன்றி, சில வாரங்களின் பின் அதனை வழியிலே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. ரக்கூன், நாணயங்களைப் பெட்டியில் இடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தது. உணவு தாமதமாகும் என்ற நிலையிலும் பிறவிக் குணம் பயிற்சியை மீறியது. 1961 இல் அவர்கள் வெளியிட்ட இந்த அவதானிப்பு, கற்றல் விதிகளுக்கும் எல்லையுண்டு என உணர்த்தியது.

கணினி எலி இவ்வாறு நம்மைத் திகைக்க வைக்காது. அதன் தடுமாற்றமும் நிரலை எழுதியவர் அறிந்த தடுமாற்றமே. ஆயினும், ஏற்கெனவே நிறுவப்பட்ட விதியை ஒரு தொடக்க மாணவன் மீண்டும் காண்பதற்காக ஓர் உயிர் பட்டினி கிடந்து சாவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அவனுக்குத் திரை போதும். விலங்குகளை ஆராய்வதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவன் மட்டும், வீட்டு நாயையேனும் பரிவோடு பழக்கிப் பார்க்கட்டும். பாடநூல் சொன்னதை அது செய்ய மறுக்கும் வேளையில் அவனது அடுத்த பாடம் தொடங்கும்.