கொம்பு ஊதிய தீவு

1907 ஆகஸ்ட். இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் உள்ள பிரவுன்சீ தீவில், விடிந்ததும் ஒரு கொம்பு முழங்கியது. ஆப்பிரிக்க மான் ஒன்றின் முறுக்கிய கொம்பு அது. ஊதியவர் ராணுவ அதிகாரி பேடன் பவல். கூடாரங்களிலிருந்து இருபது சொச்சம் சிறுவர்கள் எழுந்து வந்தார்கள்.

ஈட்டன், ஹாரோ போன்ற சீமான் வீட்டுப் பள்ளிகளின் பிள்ளைகள் பாதி. உள்ளூர் உழைப்பாளிகளின் பிள்ளைகள் பாதி. வர்க்கச் சுவர் உயர்ந்து நின்ற அந்நாட்டில் இரு தரப்பும் ஒரே அணியில் சமைத்ததும் உறங்கியதும் சாதாரண விஷயமல்ல. காளை, ஓநாய், குர்லூ என்ற பறவை, காக்கை என நான்கு அணிகள். தோளில் தொங்கிய கம்பளி நூல் முடிச்சின் நிறம் அணியைக் காட்டும்: காளைக்குப் பச்சை, ஓநாய்க்கு நீலம்.

முகாமின் உயிர்நாடி ஒன்றுதான். அணித்தலைவனும் சிறுவனே. தன் அணியின் நடத்தைக்கு அவனே பொறுப்பு. பெரியவர்கள் கற்றுக்கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நம்பிக்கை வைத்தால் பிள்ளைகள் வளர்வார்கள் என்பதை அந்த எட்டு நாள்கள் காட்டின.

இந்த முகாமிலிருந்தே சாரணர் இயக்கம் வளர்ந்தது. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பில்லாமலே சிறுமிகளும் வந்து நின்றார்கள். மறு ஆண்டே அவர்களுக்கெனத் தனி இயக்கம் பிறந்தது.

இந்தியாவிலோ சாரணர் படை முதலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே கதவு திறந்தது. இந்த அநீதியைப் பொறுக்காத அன்னி பெசன்ட், 1917இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்காகத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது.