நியூயார்க்கின் குரங்குகளும் அடிலெய்டின் வெந்நீரும்

1949-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் ஒருவர் சார்லஸ் பெஸ்ட். இன்சுலின் கண்டுபிடிப்பில் பான்டிங்கோடு தோள் கொடுத்து நின்றவர் என்பதால் அவர் சொல்லுக்கு மருத்துவ உலகில் பெரிய எடை இருந்தது. எலிகளுக்கு மதுவும் சர்க்கரையும் கொடுத்துப் பார்த்த அவருடைய குழு, மது கல்லீரலுக்குத் தனி நஞ்சு என்பதற்குச் சான்றே இல்லை, சர்க்கரை செய்யாத எதையும் அது செய்யவில்லை என்று முடிவு சொன்னது. குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கோலின் போன்ற சத்துகள் குறைகின்றன. அதனால் கல்லீரல் கெடுகிறது. அன்றைய பாடம் இதுதான். ‘நல்லா சாப்பிட்டுட்டுக் குடிச்சா ஒண்ணும் ஆகாது’ என்று நம்மூரில் இன்றும் கேட்கிற பேச்சுக்கு, அந்தக் காலத்தில் ஆய்வகமே முத்திரை குத்திக் கொடுத்திருந்தது.

இந்தப் பாடத்தை உடைத்தவர் சார்லஸ் லீபர். பெல்ஜியத்தில் பிறந்து, பிரஸ்ஸல்ஸில் மருத்துவம் படித்து, அமெரிக்கா சென்று, 1968 முதல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றியவர். அவரை நான் மதிப்பது அவருடைய முடிவுக்காக மட்டுமல்ல, பழைய சோதனையின் ஓட்டையை அவர் கண்டுபிடித்த விதத்துக்காக. எலிக்கு மது பிடிக்காது. குடிநீரில் கலந்து வைத்தால் தாகம் தீரும் அளவுக்கு மேல் அது தொடாது. அந்தக் கொஞ்சத்தில் கல்லீரல் கெடவில்லை என்றால் மது நிரபராதி என்று எப்படிச் சொல்ல முடியும்? லீபரும் அவருடைய சகா லெனோர் டிகார்லியும் திட உணவையும் தண்ணீரையும் விலக்கிவிட்டு, எல்லாச் சத்துகளும் அடங்கிய திரவ உணவு ஒன்றைத் தயாரித்தார்கள். அதன் கலோரிகளில் 36 சதவீதம் மதுவிலிருந்து வந்தது. பசித்தால் எலி அதைத்தான் குடித்தாக வேண்டும். ஜோடி எலிக்கு அதே உணவு, அதே கலோரி. மதுவுக்குப் பதில் மாவுச்சத்து. இரண்டுக்கும் இடையில் வேறுபாடு ஒன்றே ஒன்று. மது குடித்த எலியின் கல்லீரலில் கொழுப்பு படிந்தது.

மனிதர்களிடம் இது நடக்குமா என்ற கேள்விக்கு, குடிநோயாளிகள் அல்லாத தன்னார்வலர்களைக் கொண்டு 1968-இல் விடை வந்தது. புரதம் நிறைந்த, கொழுப்பு குறைந்த உணவோடு மது கொடுத்தும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. அடுத்து பபூன் குரங்குகள். கலோரிகளில் பாதி மதுவாக, ஆண்டுக்கணக்கில். சில குரங்குகளுக்கு சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கமே வந்துவிட்டது என்று 1974-இல் லீபர் குழு அறிவித்தது. நல்ல சாப்பாடு கவசம் என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

இதற்குப் பக்கத்தில் நான் வைக்க விரும்புவது, அளவில் மிகச் சிறிய ஓர் ஆய்வு. 2004-இல் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் ஜே. எச். ஆலனும் மூன்று சகாக்களும் எழுதியது. இடம், தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதி. சிறு அளவு கஞ்சா வைத்திருந்தால் வழக்குக்குப் பதில் அபராதம் கட்டினால் போதும் என்று 1987-லேயே விதி மாற்றிய மாநிலம் அது. அங்கே சிலர் திரும்பத் திரும்பக் கடும் வாந்தியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். சில நாள் வாந்தி, பிறகு சில வாரமோ மாதமோ நலம், மறுபடி வாந்தி. எல்லாருமே நெடுங்காலமாகக் கஞ்சா புகைப்பவர்கள். 19 பேரைக் கண்டறிந்தார்கள். ஐவர் ஒத்துழைக்கவில்லை, வேறு காரணங்கள் குழப்பியதால் இன்னும் ஐவரை விலக்கினார்கள். எஞ்சியவர் ஒன்பது பேர்.

பத்தாவது நபரின் கதைதான் என்னை இந்த ஆய்வின் பக்கம் இழுத்தது. 1996-இல் சிட்னி மனநல மருத்துவர் கிரெக் டி மூர், சகாக்களோடு ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார். மனக்காரணத்தால் வரும் வாந்தி, அதைச் சிக்கலாக்கியது கஞ்சா என்பது அன்றைய கணிப்பு. எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஆலன் குழு அதே நோயாளியைத் தங்கள் ஒன்பது பேரோடு வரிசையில் நிறுத்தியது. சிக்கலாக்கியது என்று எழுதப்பட்ட பொருளே காரணம் என்ற இடத்துக்கு வந்தது. அந்தப் புதிய கட்டுரையின் ஆசிரியர்களில் டி மூரும் ஒருவர். தான் அச்சிட்ட கணிப்பைப் பிறரோடு உட்கார்ந்து மறுபடி வாசிக்க முன்வருவது மருத்துவத்தில் அன்றாடம் நடப்பதல்ல.

அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் இன்னொன்றும் தெரிந்தது. வாந்தி எடுக்கும் நாட்களில் அவர்கள் ஓயாமல் வெந்நீரில் குளித்தார்கள். சூடான நீர் மேலே பட்டுக்கொண்டிருக்கும்வரை குமட்டல் தணிந்திருந்தது. தண்ணீர் ஆறினால் திரும்பியது. யாரும் எழுதிக் கொடுத்த சிகிச்சை அல்ல அது, அவரவர் உடம்பே கற்றுக்கொண்டது. கஞ்சாவை விட்ட ஏழு பேருக்கு வாந்தி நின்றது. விடாத மூவருக்கு நிற்கவில்லை. சில காலம் விட்டிருந்தவர்களில் மூவர் மறுபடி புகைத்துப் பார்க்க, நோயும் மறுபடி வந்தது. எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதித்திராத ஒரு சோதனையை நோயாளிகளே தங்கள் மேல் செய்துகொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆய்வுகளும் ஏன் இவ்வளவு வேறுபட்ட பாதையில் போயின? உறுப்பின் குணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கல்லீரல் பேசாத உறுப்பு. வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி அது பேசத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். அதற்குள் குடி, பட்டினி, வறுமை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க லீபருக்குக் கூண்டும் அளவுக் குவளையும் ஆண்டுகளும் தேவைப்பட்டன. இரைப்பை அப்படியல்ல, உடனே கத்திவிடும். அதனால் ஆலனுக்கு நோயாளியின் அருகில் அமர்ந்து கேட்பதும், சிறுநீரில் கஞ்சாவின் தடயம் இருக்கிறதா என்று தொடர்ந்து பார்ப்பதும் போதுமாயின. ஆனால் ஆலன் மோத வேண்டியிருந்த நம்பிக்கை, லீபர் எதிர்கொண்டதைவிடப் பிடிவாதமானது. கஞ்சா வாந்தியை நிறுத்தும் என்பது பொய் அல்ல. அதன் முக்கிய வேதிப்பொருளின் செயற்கை வடிவம், புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டலுக்கு அமெரிக்காவில் 1985-லேயே ஒப்புதல் பெற்றது. குமட்டும்போது நோயாளி இன்னொரு பீடி கஞ்சாவைத் தேடுவதில் அவர் பார்வையில் நியாயம் இருக்கிறது. அவரை நம்ப வைப்பது எலியைக் குடிக்க வைப்பதைவிடக் கடினம்.

இரண்டிலும் குறை உண்டு. லீபரின் குரங்குகளுக்கு வந்த சிரோசிஸ் மற்ற ஆய்வகங்களில் அவ்வளவு எளிதாக வரவில்லை. உணவில் கோலின் போதுமானதா என்ற விவாதம் நீண்டது. நெடுநாள் குடிப்பவர்களில் சிறுபான்மையினருக்கே சிரோசிஸ் வருவதால், மதுவோடு வேறு ஏதோ சேர வேண்டும் என்பதும் தெளிவு. சத்துக்குறைவை ஒரேயடியாக வெளியே தள்ளியது சற்று அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆலனின் ஆய்விலோ பத்துப் பேர் மட்டுமே, ஒப்பிடத் தனிக் குழு இல்லை. கஞ்சாவே தொடாத, சுழற்சி வாந்தி நோய் உள்ளவர்களில் சிலரும் வெந்நீரைத் தேடுகிறார்கள். என்றாலும் செரிமானக் கோளாறுகளை வகைப்படுத்தும் ரோம் வரையறைகள், 2016-இல் வெளியான பதிப்பில், கஞ்சா வாந்தியைத் தனி நோயாக ஏற்றன. கொலராடோவில் கஞ்சா விதிகள் தளர்ந்த பின் சுழற்சி வாந்தியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் ஏறக்குறைய இரட்டிப்பானதாக 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது.

விளைவுகளும் தலைகீழாக அமைந்தன. லீபர் வழி விளக்கத்தில் வளமானது. கல்லீரலில் மதுவைச் சிதைக்கும் இரண்டாவது நொதிப் பாதை ஒன்று உண்டு, குடிக்கக் குடிக்க அது வேகமெடுக்கும் என்று 1968-இல் அவரும் டிகார்லியும் காட்டினார்கள். பெருங்குடிகாரர்களுக்கு பாராசிட்டமால் ஏன் ஆபத்து என்பதற்கு அதில் விடை இருந்தது. கஞ்சா வாந்திக்கு இன்றும் முழு விளக்கம் கிடையாது. ஆனால் கைவைத்தியம் போன்ற ஒரு வழி கிடைத்தது: வெப்பத்தை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டும் மிளகாய்ச் சத்து களிம்பை வயிற்றில் தடவுகிறார்கள், பலருக்கு ஓரளவு தணிகிறது. ஹாலோபெரிடால் ஊசி, வழக்கமான வாந்தி மருந்தைவிட நன்றாக வேலை செய்வதாகக் கனடாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

விளக்கத்தோடு நிற்காமல் லீபர் ஒரு மருந்தையும் தேடினார். அது சோயாவிலிருந்து எடுத்த ஒரு கொழுப்புப் பொருள். குரங்குகளின் கல்லீரலைக் காத்த அதை, முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 789 நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்தார்கள். 2003-இல் முடிவு வந்தது: நார்த்தழும்பு வளர்வதை அது தடுக்கவில்லை. அதே ஆய்வில் எல்லாருக்கும் மதுவைக் குறைக்கச் சுருக்கமான ஆலோசனையும் தரப்பட்டிருந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக 16 கோப்பை குடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டரைக் கோப்பைக்கு இறங்கியிருந்தார்கள். மருந்து பெற்றவர், வெற்று மாத்திரை பெற்றவர் இரு தரப்பிலும் அதே இறக்கம்.