மலைநாட்டில் ஒரு பழைய துவக்கின் விலை

இலங்கையின் மத்திய மலைநாட்டில் கைமாறும் பழைய துவக்கின் விலையை, அதைச் செய்தவரின் பெயரைவிட மழையும் அனுமதிப்பத்திரமுமே அதிகம் தீர்மானித்து வந்திருக்கின்றன. லண்டன் ஏலத்தில் பெயருக்கென்றே தனி விலை உண்டு. அதே துவக்கை நுவரெலியாவிலோ ஹட்டனிலோ கையில் எடுப்பவர் முதலில் குழலுக்குள் பார்ப்பார், அடுத்துப் பத்திரத்தைக் கேட்பார். பெயர் அதற்குப் பிறகுதான்.

தேயிலைக்கு முன்பு இந்த மலைகளில் கோப்பி இருந்தது. கோப்பிக்கு முன்பு காடு. அந்தக் காட்டுக்குள் முதலில் வந்த வெள்ளையரின் துவக்குகள் வாய்வழியே மருந்திட்டு இடித்து நிரப்பும் வகை. வேட்டைக்காரரான சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை அங்கே இருந்தார். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸிடம் 1840இல் அவர் செய்வித்த ரைபிளின் எடை 21 இறாத்தல். அதன் கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். யானைக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. சுமார் 1400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. சுடுவதற்கு யானை இல்லாமற்போனதும் அந்தப் பாரமான துவக்குகளுக்கு மலைநாட்டில் வேலையில்லாமற் போயிற்று.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியபோது மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. பங்களாவும் தொழிலாளர் லயமும் கொழுந்துக் கூடையும் சேர்ந்த தோட்ட வாழ்க்கை நிலைபெற்ற அந்தக் காலத்தில்தான் இரட்டைக்குழல் துவக்கு, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரைமாரின் வழக்கமான உடைமையாயிற்று. ஆனால் மலைநாட்டின் பெரிய வேட்டையான மரை வேட்டைக்கு அது தேவைப்படவில்லை. நாய்களை விட்டு மரையை மடக்கிக் கத்தியால் குத்துவதே பேக்கர் காலந்தொட்டு வந்த முறை. பங்களாத் துவக்கு பெரும்பாலும் பறவைத் துவக்காகவே இருந்தது, பருமனான குண்டுகள் கொண்ட எஸ்.ஜி. தோட்டா போட்டால் பன்றிக்கும் ஆகும்.

பறவைகளில் உள்ளானுக்கே முதலிடம். ஒக்டோபர் முதல் மார்ச் வரை வலசை வரும் அந்தப் பறவையைத் தேடித் தொரைமார் கீழ்நாட்டு வயல்களுக்கு இறங்கினார்கள். காட்டுக்கோழிக்கு மேலே ஏற வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியை ஒட்டிய காடுகளில் வளரும் நெலு, தமிழகத்துக் குறிஞ்சியின் இனம்; ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து விதை தள்ளும். விதை தின்னக் கோழிகள் கூட்டமாக வரும், கோழிகளின் பின்னால் துவக்குகளும் வந்தன. கண்மூடித்தனமான வேட்டையைத் தடுக்க 1894இல் தோட்டக்காரரும் வேட்டைக்காரரும் சேர்ந்தே வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைக்க வேண்டியதாயிற்று.

இங்கே வந்த துவக்குகளில் பெரும்பகுதி பர்மிங்காம் வேலை. 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையின் அன்சன், டீலி இருவரும் உருவாக்கிய பொக்ஸ்லொக் முறை, வெளியே சுத்தியல் தெரியாத துவக்கை நடுத்தர வருமானக்காரருக்கும் எட்டச் செய்தது. ஒவ்வொரு பிரிட்டிஷ் துவக்கும் பரிசோதனைச்சாலை முத்திரையோடுதான் விற்பனைக்கு வர வேண்டும். லண்டனில் அந்த முத்திரை 1637 முதலும் பர்மிங்காமில் 1813 முதலும் இடப்படுகிறது. குழலின் அடியிலுள்ள இந்தச் சின்ன எழுத்துகள், துவக்கு கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, புகையில்லா மருந்துக்கும் சோதிக்கப்பட்டதா என்பதைச் சொல்லும். இரும்பும் உருக்கும் முறுக்கிச் சேர்த்த டமஸ்கஸ் குழல்கள் பார்க்க அழகானவை. ஆனால் புகையில்லா மருந்துக்கான முத்திரை இல்லாத அத்தகைய குழலில் இக்காலத் தோட்டாவைப் போடுவது ஆபத்து. மலைநாட்டில் அழகுக்காகச் சுவரில் தொங்கும் துவக்குகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

இனி மழை. ஹட்டனுக்கு அருகிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். நுவரெலியாவில் மழை குறைவு, மூடுபனி அதிகம். உள்ளே பச்சைத்துணி பதித்த தோல் பெட்டி இங்கிலாந்தில் துவக்குக்குப் பாதுகாப்பு. இங்கே அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தோலில் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிக்குப் பயந்து கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தால் கட்டை வறண்டு, இரும்போடு பொருந்தும் இடத்தில் வெடிக்கும். திறந்த அலமாரியில், காற்றோட்டத்தில், எண்ணெய் பூசி நிறுத்தி வைத்த துவக்கே பிழைத்தது.

இதைவிடப் பெரிய எதிரி தோட்டாவுக்குள்ளேயே இருந்தது. பழைய தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. அது எரிந்தபின் குழலில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரம் ஒரே இரவில் துருவாகும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் பூச வேண்டும். வேட்டை முடிந்து தொரை துவக்கைப் பங்களா வேலையாளான அப்புவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அப்பு கொதிநீர் ஊற்றினாரா, எண்ணெயை மட்டும் தடவி வைத்தாரா என்பதே இருபது ஆண்டு கழித்து அந்தத் துவக்கின் விலை.

ஆகவே பழைய இரட்டைக்குழல் துவக்கைப் பார்க்கத் தெரிந்தவர் குழலிலிருந்து தொடங்குவார். குழல்களைக் கழற்றிக் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் தட்டுவார். கோயில் மணிபோல ஒலி நீண்டால் குழல்களையும் நடுப்பட்டியையும் இணைக்கும் பற்றாசு உறுதியாக இருக்கிறது. ‘டொக்’ என்று நின்றால் எங்கோ விட்டிருக்கிறது. பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்ப்பார். குழலுக்குள் தெரியும் ஒளிவளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே அடிபட்ட பள்ளம். தோட்டா அறைக்குச் சற்று முன்னால் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துருக்குழி. ஆழமில்லாத குழிகள் துவக்கைக் கொல்வதில்லை, விலையை மட்டுமே குறைக்கும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது கண்ணாடிபோல் மின்னும் பழைய குழலைத்தான். குழிகளை மறைக்க உட்புறத்தைக் கடைந்து தேய்த்திருப்பார்கள். தேயத் தேயச் சுவர் மெலியும். முத்திரையில் குறித்த உள்விட்டத்தைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு கூடிவிட்டால், பிரிட்டிஷ் விதிப்படி அந்தத் துவக்கு பரிசோதனை நிலையை இழந்துவிட்டது என்றே கொள்ளப்படும். அளவுகோல் இல்லாத இடத்தில் இந்த ஏமாற்று எளிது.

குழலை மாட்டியபின் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துவக்கைப் பின்கட்டையில் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்ப்பது அடுத்தது. குழல் அசைந்தால் பூட்டு தேய்ந்திருக்கிறது. மேலேயுள்ள திறப்புத்தாழ் நடுவுக்கு வலப்பக்கம் நின்றால் தேய்மானத்துக்கு இன்னும் இடம் உண்டு. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் வேலை முடிந்துகொண்டிருக்கிறது. தோட்டா அறையின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் துவக்குகள் பெரும்பாலும் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கானவை. கடையில் கிடைக்கும் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அவற்றில் நுழையும், ஆனால் வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும்.

தானியங்கித் துவக்கு இந்த உலகத்துக்குத் தாமதமாகவே வந்தது. ஜோன் பிரவுனிங் வடிவமைத்த ஓட்டோ-5, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் 1900களின் தொடக்கத்தில் உற்பத்தியாகத் தொடங்கி அந்த நூற்றாண்டின் கடைசிவரை நீடித்தது. 1905 முதல் ரெமிங்டன் அதே வடிவமைப்பை அமெரிக்காவில் செய்தது. வெடித்ததும் குழலும் பூட்டும் சேர்ந்தே பின்னுக்கு ஓடி, வெற்றுக் கூட்டை எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றும். மலைநாட்டுக்கு இது பொருந்தாமற் போனதற்குக் காரணம் தோட்டாதான். அந்தக் காலத் தோட்டா அட்டையால் ஆனது, ஈரத்தில் ஊதும். இரட்டைக்குழலில் ஊதிய தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்திப் போடலாம், வெடித்த கூட்டைக் கத்தியால் நெம்பியும் எடுக்கலாம். தானியங்கியில் ஒரு தோட்டா சிக்கினால் துவக்கே நின்றுவிடும். 1960இல் ரெமிங்டன் பிளாஸ்டிக் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே ஈரநாட்டில் இவ்வகைத் துவக்கை நம்ப முடிந்தது. இலங்கையில் இதற்கும் பம்ப் வகைக்கும் பொதுவாக வழங்கும் பெயர் ரிப்பீட்டர்.

பிளாஸ்டிக் தோட்டா வந்த அதே பத்தாண்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இறுகின. புதிய துவக்கு அரிதானது. பழையதன் மதிப்பு ஏறியது. அதற்கு முன்பே விலையில் பத்திரத்துக்கு ஒரு பங்கு இருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுதோறும் அனுமதி பெற வேண்டும் என்றது. 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் எதைச் சுடலாம் என்பதைச் சுருக்கியது. ஆனாலும் துவக்கைச் சந்தேகத்துக்குரிய பொருளாக்கியது 1971. அந்த ஏப்ரலில் அரசுக்கெதிரான கிளர்ச்சிக்காரர் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது அவர்கள் கையில் பெரும்பாலும் இருந்தவை வேட்டைத் துவக்குகளும் கைக்குண்டுகளுமே. அந்தத் துவக்குகளில் பல வீடுகளிலிருந்து பறிக்கப்பட்டவை. அடுத்த ஆண்டு காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. பிரிட்டிஷ் தொரைமாரின் காலம் அத்துடன் முடிந்தது. பங்களா அலமாரியில் துவக்கு இருப்பது இயல்பு என்ற நிலையும் கூடவே போயிற்று.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் துவக்கு எப்போதுமே தொரை கையில் பார்த்த பொருள்தான். மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டால் அவர்களுக்குக் கிடைத்த வழி வேலி, தகரம், நாய். சிலர் கம்பிச் சுருக்கு வைத்தார்கள். அதில் சிக்குவது பன்றி மட்டுமல்ல. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, சில நாட்களில் இறந்தது.

வேட்டை ஒடுங்கிய பிறகு துவக்குக்கு எஞ்சியிருந்த கௌரவமான வேலை இலக்குச் சுடுதல். உயிருள்ள புறாக்களை விட்டுச் சுட்ட பழைய விளையாட்டுக்கு மாற்றாக முதலில் கண்ணாடி உருண்டைகளும், 1880இல் சின்சினாட்டியின் ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி உருவாக்கிய களிமண் தட்டும் வந்தன. 1900 ஒலிம்பிக்கிலேயே இந்தப் போட்டி இடம்பெற்றது. நுவரெலியாவின் ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயம், கார்ப் பந்தயம், மலர்க் கண்காட்சி ஆகியவற்றோடு களிமண் தட்டுச் சுடும் போட்டியும் நடந்து வந்திருக்கிறது.

ஒரே நாளில் நூறு தட்டுச் சுடுபவரின் தோளுக்குத் தானியங்கியே இதமானது. 1963இல் வந்த ரெமிங்டன் 1100, பின்னர் வந்த பெரெட்டா 390 போன்றவை, வெடிவாயுவின் ஒரு பகுதியைக் குழலிலிருந்து எடுத்து இயங்குகின்றன. உதையும் அதனால் மெதுவாகப் பரவுகிறது. இவற்றின் தேய்மானத்தை இரட்டைக்குழலுக்குரிய கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிப்பூச்சு புதிதாக இருக்கும். பல ஆயிரம் தோட்டா உள்ளே ஓடியிருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் மறைவிலேயே இருக்கின்றன. முன்கட்டையைக் கழற்றினால் தோட்டாக்குழாயின் மேல் கரி படிந்திருக்கும். கரிக்கடியில் ஈரம் தங்கித் துரு குழித்திருக்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். 1100இல் அந்தக் குழாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தால் துவக்கு அரைகுறையாகவே இயங்கும். வளையத்தை மாற்றிவிடலாம், துருப்பிடித்த குழாயை அப்படி மாற்ற முடியாது. முன்கட்டையின் உட்புற விரிசல், பூட்டைத் தள்ளும் இரும்புக் கைகளின் தேய்வு, குழலில் பூட்டு கவ்வும் பள்ளத்தின் விளிம்பு ஆகியவை அடுத்தவை. பின்கட்டைக்குள் ஓடும் சுருள்வில்லின் குழாயை எவரும் கழற்றுவதில்லை. மழையில் சுட்டுவிட்டுத் துவக்கை நிமிர்த்திச் சாத்தினால் தண்ணீர் அங்கேதான் இறங்கும். மலைநாட்டுத் தானியங்கியில் முதலில் அழுகுவதும் அதுவே. பழைய ஓட்டோ-5 ஆனால், குழாயில் ஏறும் உராய்வு வளையம் தோட்டாவின் பலத்துக்கேற்பச் சரியாக வைக்கப்பட்டிருந்ததா என்பதை முன்கட்டை சொல்லும்: தவறாக வைத்துச் சுட்டவருடைய துவக்கில் கட்டை பிளந்திருக்கும். குழல்வாயில் கழற்றி மாட்டும் சோக் முனைகள் துருவால் இறுகிக் கழலாமல் இருப்பதும் உண்டு. அவ்வளவு காலம் எவரும் அவற்றைக் கழற்றித் துடைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் பேரம் பத்திரத்தில் வந்து நிற்கும். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு அனுமதி மாவட்டச் செயலகத்துக்குரியது. தனிப்பட்ட தேவைக்கான அனுமதியைப் பாதுகாப்பு அமைச்சு வழங்குகிறது. 1996ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. வாங்குபவர் முன்கூட்டியே அனுமதி பெறாமல் துவக்கு கைமாற முடியாது. ஆகவே வாங்கக்கூடியவர் சிலரே, விலையும் அந்தச் சிலரின் விருப்பத்துக்குள் அடங்கும். இங்கிலாந்தில் மதிப்புப் பெறும் செதுக்குவேலையும் வால்நட் கட்டையின் ரேகையும் இங்கே விலையை ஏற்றுவது குறைவு. உதிரிப்பாகம் கிடைக்குமா, கடையிலுள்ள தோட்டா பொருந்துமா என்பவை ஏற்றும். துவக்கிலுள்ள தொடரிலக்கமும் பத்திரத்திலுள்ள இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். துருவை அரத்தால் தேய்த்தபோது இலக்கமும் சேர்ந்து தேய்ந்துவிட்ட துவக்கு, குழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சட்டப்படி விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.